காகம் காத்திருக்கட்டும்

அமுதவல்லிக்கு உட்காரத் தெரியாது என்று ஜெகதாப்பட்டினத்தில் சொல்வார்கள். விசைப்படகுகள் கரை சேரும் காலைகளில், ஏலத்தில் எடுத்த மீனைத் தார்ப்பாயில் கொட்டிவிட்டு மற்றப் பெண்கள் பலகைக்கட்டை போட்டு அமர்ந்து தரம் பிரிப்பார்கள். இவள் மட்டும் இடுப்பு ஒடியக் குனிந்து நின்றபடியே பிரிப்பாள். நகரை ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம், காரல் கூடையில், நண்டு தனியே. பெட்டியில் ஐஸை அள்ளிப் போட்டு, மீனை அடுக்கி, மேலே மறுபடியும் ஐஸைப் போட்டு, அறந்தாங்கி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் நிமிர்வாள். நிமிர்ந்ததும் கண் கடலுக்குப் போகும். போன வேகத்தில் திரும்பிவிடும்.

புருஷன் சேவுகன் போன பிறகு வந்த பழக்கம் அது. வாடைக் காற்று வீசிய ஒரு ராத்திரி, வலை இழுக்கும்போது படகிலிருந்து தவறி விழுந்தான். கூடப் போனவர்கள் தேடினார்கள். விடிந்ததும் ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து, அதன் மேல் அவனுடைய கட்டம் போட்ட சட்டையைப் போர்த்திக் காரியம் முடித்தார்கள்.

கருமாதிக்கு மறுநாள் பங்காளிகள் மீன்குழம்பு வைத்தார்கள். துக்கம் கழிந்தது என்று எல்லோரும் வாயில் மீன் வைத்தாக வேண்டும். அது அவர்கள் வழக்கம். இலையில் ஒரு பாறை மீன் துண்டு விழுந்ததும், பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் சிவரஞ்சனி இலையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா கெடக்குற எடத்துலேர்ந்து வந்த மீனு. நான் எப்படித் திங்கிறது?"

பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொருவராகக் கை கழுவ எழுந்தார்கள். அன்றோடு அந்த வீட்டில் மீன் நின்றது. கடல் உடலைத் திருப்பித் தராத வீட்டில் மீன் ஏன் இல்லை என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். அது கேட்கக்கூடாத கேள்வி.

அமுதவல்லியும் விட்டாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போகிற வரைக்கும் தாங்கினாள். பிறகு ஒரு நாள், ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் நிழலில், கூடத் தொழில் பார்க்கும் இன்னாசியம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். நெத்திலிக் குழம்பு. அமுதவல்லியின் கை அவளைக் கேட்காமலே நீண்டது. இரண்டு உருண்டை சோறு உள்ளே போன பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே மூன்றாவதையும் தின்றாள்.

அதற்குப் பிறகு படகு வரும் நாளெல்லாம் அதே கதைதான்.

"ஏண்டி, திருட்டுப் பூனையாட்டம் சுத்திச் சுத்திப் பாக்குற? ஒன் மாமியாரா வந்து நிக்கிறா?" என்பாள் இன்னாசியம்மாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா."

"ஒக்காந்து தின்னாத்தான் ஒடம்புல ஒட்டும். நின்னுக்கிட்டே தின்னா எல்லாம் காலுக்குத்தான் போவும்."

"காலுக்குத்தானக்கா வேல. போவட்டும்."

தின்று முடித்ததும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் எலுமிச்சை மூடியை எடுத்து விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்ப்பாள். வாயைக் கொப்பளிப்பாள். வீட்டுக்குப் போனதும் மகள் முகத்தை நேராகப் பார்க்கமாட்டாள். அவள் விட்டதை என்னால் விட முடியவில்லையே என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். பெற்ற மகள் தவம் இருக்கிறாள். கட்டின பெண்டாட்டி ஒளிந்து தின்கிறாள். இப்படி ஒரு நினைப்பை உள்ளே வைத்துக்கொண்டு, இதைச் சாப்பிடு அதைச் சாப்பிடு என்று மகளிடம் எந்த வாயால் சொல்வது?

அதனால் சிவரஞ்சனி முட்டையை விட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. கறியை விட்டபோதும் சொல்லவில்லை. சுத்த சைவம் என்றாள் மகள். நல்லதுதான் என்று நினைத்தாள். சைவம் சாப்பிட்டு நூறு வயசு இருப்பவர்கள் இல்லையா? பால் கவிச்சியடிக்கிறது என்று பால் நின்றது. நெய் நின்றது. தோசைக்கு எண்ணெய் வேண்டாம் என்றாள். அமாவாசை விரதம் வந்தது, அப்பாவுக்காக. வெள்ளிக்கிழமை வந்தது, அதன் பின்னால் சனிக்கிழமை, பிரதோஷம், சஷ்டி. சாப்பிடும் நாட்கள் எவை என்பது அமுதவல்லிக்குக் குழம்பத் தொடங்கியது.

"ஒம் மவ எளச்சு, களையா இருக்காடி" என்றார்கள் தெருவில். "தண்ணிப் பைப்புல பாத்தேன், என்னா பக்தி! எம் மவளும் இருக்காளே, பரோட்டாவக் கண்டா பாய்வா." அமுதவல்லிக்குப் பெருமையாகவும் இருந்தது. கண் பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

ஆனால் வீட்டுக்குள் வேறென்னவோ நடந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் சிவரஞ்சனி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. செல்போனில் சமையல் வீடியோவாகப் பார்த்தாள். கேசரி கிளறினாள், வெங்காய பஜ்ஜி போட்டாள், அம்மாவை உட்காரவைத்து ஊட்டிவிட்டாள். தான் ஒரு விள்ளல் தொடவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். வாசலிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து வாசலுக்கு. "நடந்துக்கிட்டே படிச்சாத்தாம்மா மண்டையில ஏறுது." தாயும் மகளும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

புயல் எச்சரிக்கை என்று படகுகளை எல்லாம் கட்டிப்போட்ட ஒரு சனிக்கிழமை அமுதவல்லி மத்தியானம் வீட்டில் இருந்தாள். சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். "இன்னிக்கு விரதம் இல்லயா?" என்று பயந்து பயந்து கேட்டாள்.

"மத்தியானம் ஒரு வேள சாப்பிடலாம்மா" என்று சிவரஞ்சனி தட்டில் சோற்றைக் குவித்தாள். ஆம்பிளை தின்கிற அளவு சோறு.

"பரவாயில்லயே, நெறயாப் போட்டுருக்க."

"அப்பாவுக்கும் சேத்துத்தாம்மா. மாடியில காக்காக்கு வச்சிட்டு அங்கயே சாப்பிட்டுக்கிறேன். தெனமும் அப்படித்தான்."

அமுதவல்லிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. மகள் சாப்பிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் தூறல் விழுந்தது. மாடியில் காயும் துணி ஞாபகம் வரவே ஏறினாள்.

கைப்பிடிச் சுவர் முழுக்கக் காகங்கள். ஒன்றுகூடக் கரையவில்லை. கூப்பிட்டு வந்தவை போலத் தெரியவில்லை; நேரம் தெரிந்து வந்தவை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சிவரஞ்சனி, சோற்றைப் பிசைந்து பிசைந்து, ஒவ்வொரு கவளமாக அவற்றுக்கு எறிந்துகொண்டிருந்தாள். தட்டு காலியானது. விரலில் ஒட்டிய ஒரு பருக்கையை நுனிநாக்கில் வைத்து வெகுநேரம் மென்றாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தவள் போல முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். "அப்பாவுக்கு இன்னிக்கு நல்ல பசி போலம்மா."

அமுதவல்லி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் குவளையை எடுத்துவிட்டாள். வீசுவதற்குக் கையையும் ஓங்கிவிட்டாள். முன்னால் இருந்த காகம் பறக்கவில்லை. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து அவளைப் பார்த்தது. சேவுகனுக்கு ஒரு காது மந்தம். யாராவது பேசினால் அப்படித்தான் கழுத்தைச் சாய்ப்பான்.

ஓங்கிய கை இறங்கியது. புருஷன் சாப்பிடுகிறான், எந்தப் பெண்டாட்டி குவளையை வீசுவாள்? துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். அடுப்படிக்குப் போய், துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். கழுவின பாத்திரத்தைக் கழுவினாள். வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். மேலே போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று படி வரைக்கும் போவாள். என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்புவாள். எலுமிச்சை வாடை தன் விரலிலிருந்து வருவது போலவே இருந்தது.

அடுத்த முறை படகு வந்தபோது இன்னாசியம்மாளிடம் சொன்னாள். மீன் பிரித்துக்கொண்டே, குனிந்தபடியே, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

இன்னாசியம்மாள் கையிலிருந்த நகரையைக் கீழே போட்டாள். "காக்கா தின்னா அப்பன் வயிறு நெறயும், சரி. புள்ள வயிறு?"

"ஒங்களுக்கு என்னக்கா தெரியும்? நீங்க காக்காக்குச் சோறு வக்கிறவங்களா?"

"இல்லத்தா. நாங்க கல்லறையில மெழுகுவத்திதான் ஏத்துவோம். செத்தவங்களுக்குப் பசிக்காதும்பாரு எங்க ஃபாதர். உசுரோட கெடக்குறவளுக்குத்தான்டி பசிக்கும்." அவள் குரல் ஏறிவிட்டது. "செவுளத் தூக்கிப் பாத்து எந்த மீனு நேத்தையது, எது இன்னையதுன்னு சொல்ற. பெத்த புள்ள மொகத்தப் பாத்துச் சொல்லத் தெரியலயா ஒனக்கு? போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். நம்ம ரஞ்சனியான்னு ரெண்டாந்தரம் பாத்தேன்டி!"

"அவ அப்பாவுக்காக இருக்காக்கா. அதப் போயி நான் கலைக்கவா? நான் இங்கிட்டு ஒளிஞ்சு தின்னுட்டு, அங்கிட்டுப் போயி அவளச் சாப்புடச் சொல்லவா?"

"ஆமா. அதத்தான் செய்யணும். நீ தின்னதுதான் சரி."

அமுதவல்லிக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல வாய் எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர். காலை பிரேயரில் சிவரஞ்சனி மயங்கி விழுந்துவிட்டாள், உடனே வரவேண்டும்.

மீன் பாதி பிரித்தபடி கிடந்தது. "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று இன்னாசியம்மாள் அவளை வண்டியில் ஏற்றிவிட்டாள். மீன் செதில் ஒட்டிய கையோடு அவள் பள்ளிக்கூடம் இருக்கும் அறந்தாங்கிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பள்ளிக்கூட அறையில் பெஞ்சில் படுக்கவைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஷீபா, மகளின் சிநேகிதி, அழுதுகொண்டிருந்தாள்.

"காலையில சாப்பிட்டாளா பாப்பா?" என்று அவளைக் கேட்டாள் அமுதவல்லி.

"அவ சாப்பிடவே மாட்டா ஆன்ட்டி. லஞ்ச எப்பவும் எனக்குத்தான் குடுப்பா. ஒங்க வீட்டு உருளக்கெழங்கு நல்லாருக்கும்னு நானும் சாப்பிட்டுருவேன்." ஷீபா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விரதம்னு சொல்லுவா. சாமி விஷயம், நான் எப்படி ஆன்ட்டி ஏன்னு கேக்குறது?"

ஆட்டோவில் ஏற்ற மகளைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் தடுமாறினாள். இத்தனை கனம் இருக்கும் என்று எண்ணி மூச்சைக் கட்டித் தூக்கியிருந்தாள். மீன் இறக்கிய காலித் தெர்மாகோல் பெட்டி போல மகள் மேலே வந்துவிட்டாள். அப்போதுதான் அமுதவல்லிக்கு உண்மையான பயம் வந்தது. கடல் ஒன்றைக் கொண்டுபோனது போதாதா, வீட்டுக்குள்ளேயே இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறதே.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாடித்துடிப்பு மிகவும் குறைவு, ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கியிருக்கிறது, இதயத்தைக் கவனிக்க வேண்டும் என்றார்கள். மனநல மருத்துவர் பிரகதீஸ்வரி, சின்ன வயசுதான், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமுதவல்லி நின்றாள்.

"உக்காருங்கம்மா."

"பரவால்லங்க, நிக்கிறேன்."

"பீரியட்ஸ் எப்போலேர்ந்து வரல?"

அமுதவல்லி மகளைப் பார்த்தாள். "எனக்கு... தெரியலங்க. அவ சொல்லல. நான் கேக்கல." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "கெட்ட பழக்கம் எதுவும் கெடயாதுங்க. விரதம் இருக்கும். சுத்த சைவம். அதுனாலயா இப்படி ஆச்சு?"

"சைவம் சாப்பிடுறது தப்பே இல்லம்மா. நானும் சைவந்தான், என்னயப் பாருங்க, எப்படி இருக்கேன்!" டாக்டர் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். "ஆனா சைவமாச்சும் சாப்பிடணும்ல? இது ஒரு நோய். சாப்பாட்டப் பாத்தா பயம், சாப்பிட்டா குத்த உணர்ச்சி. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு நெறயா வருது. சைவம், விரதம்னு சொல்லிட்டா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. அதுக்குப் பின்னாடி நோய் சொகமா ஒளிஞ்சுக்கும். நீங்களும் கேக்கல, ஊரும் கேக்கல. அதுக்காக ஒங்களத் திட்ட வரல. இது ஒங்களால வந்ததும் இல்ல."

ஒரேயடியாகச் சோற்றைப் போட்டால் அந்த உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்றார். சரியாக மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சறுக்கும். வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு வேளையும் அம்மா எதிரில் உட்கார வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகும் அரைமணி நேரம் கூடவே இருக்க வேண்டும். கெஞ்சக் கூடாது, அதட்டக் கூடாது, எழுந்து போகவும் கூடாது.

"நீங்களும் அவ கூடவே சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

அமுதவல்லிக்கு அதைக் கேட்டதும் கால் பரபரத்தது. வராந்தாவுக்குப் போய் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். நர்ஸ் அதட்டிய பிறகு உள்ளே வந்தாள்.

சிவரஞ்சனி விழித்திருந்தாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"ரஞ்சனி," அமுதவல்லி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணும். நான் மீனு... அங்க ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னாடி..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"படகு வர்ற அன்னிக்கெல்லாம் ஒன் கை எலுமிச்சம்பழ வாட அடிக்கும். கரையில எதுக்கு எலுமிச்சம்பழம்?" வறண்ட உதட்டில் லேசான சிரிப்பு. "வாட வந்தா எனக்கு நிம்மதியா இருக்கும். அம்மா சாப்பிட்டுருச்சுன்னு. நீயும் சாப்பிடாம இருந்துருந்தா எனக்கு பயமா இருந்துருக்கும்மா."

அமுதவல்லி தன் விரல்களைப் பார்த்தாள். இத்தனை நாள் தேய்த்துத் தேய்த்து மறைத்த வாடை.

"மொதல்ல அப்பாவுக்காகத்தான் இருந்தேன்," சிவரஞ்சனி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துச் சொன்னாள். "பசிச்சுக்கிட்டே இருந்தா அப்பா ஞாபகம் வராது. பசி மட்டுந்தான் இருக்கும். அப்பறம் எல்லாரும் அழகா இருக்கேன்னாங்க. அப்பறம் சோத்தப் பாத்தாலே ஒரு மாதிரி... தப்பு பண்ணப்போற மாதிரி இருந்துச்சு. நிறுத்தலாம்னு பாத்தேம்மா. நிறுத்தத் தெரியல."

"காக்காக்கு..."

"அது அப்பான்னா நீ ஒண்ணும் சொல்லமாட்டல்ல."

அது உண்மைதான். அமுதவல்லி அன்று முதல் தடவையாக அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கால் ஐஸ் போல இருந்தது. தேய்க்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்த அன்று இன்னாசியம்மாள் ஒரு பொட்டலம் நெத்திலியைக் கொண்டுவந்து வாசலில் நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். சிவரஞ்சனிதான் கூப்பிட்டாள். "உள்ள வாங்க பெரியம்மா. அம்மா இங்கயே கொழம்பு வச்சுச் சாப்பிடட்டும். எனக்குப் பருப்பு. நான் மீனு சாப்பிடல, அது மட்டும் நெசமாவே அப்பாவுக்காக."

"அதுக்கென்னத்தா? பருப்பு போட்டுத் தின்னு, பயறு போட்டுத் தின்னு, கடலமுட்டாயத் தின்னு. எதையாச்சும் வயித்துல போடு. கடல்ல இருக்குறத எங்களுக்கு விட்டுரு" என்றாள் இன்னாசியம்மாள்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பில் மீன் கொதித்தது. அமுதவல்லி இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். ஒன்றில் நெத்திலிக் குழம்பு. இன்னொன்றில் டாக்டர் சொன்ன அளவுக்குப் பருப்புச் சாதம், மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தயிர். நெய்யைப் பார்த்ததும் சிவரஞ்சனியின் கண் மாடிப்படியைத் தேடிப் போனது. மாடியில் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் சோறு கிடைக்காத காகங்கள் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து, இப்போது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன.

"அப்பாவுக்கு வச்சிட்டு வந்துர்றேம்மா. மொதல்ல அவங்களுக்குத்தான வைக்கணும்?"

காகத்துக்கு வைக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது. அமுதவல்லி வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அது மாறியதில்லை. அவள் எழப்போனாள். கால் பாதி எழுந்தும்விட்டது. பிறகு மறுபடி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நீ சாப்பிட்டப்பறந்தான் அவருக்கு. நான் கொண்டுபோயி வைக்கிறேன்."

"அம்மா..."

"எத்தன ராத்திரி படகு வரும் வரும்னு கரையில காத்துக் கெடந்துருக்கேன் நானு. ஒரு மத்தியானம் அவரு காத்துக் கெடக்கட்டும். மவ சாப்பிடுறதுக்காகக் காத்துக்கெடக்க மாட்டாரா, ஒங்கப்பன்?"

சிவரஞ்சனி அழுதாள். தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதாள். மேலே கரைச்சல் கூடிக்கொண்டே போனது. ஒரு காகம் கொல்லைப் பக்கம் இறங்கி, துணிக்கொடியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. அமுதவல்லி அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். நெத்திலியைச் சோற்றோடு பிசைந்து, மகள் பார்க்க வாயில் வைத்தாள். விழுங்கினாள்.

அப்புறம் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அமுதவல்லியின் தொடை துடித்தது, பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அடுப்படியில் குழாய் சரியாக மூடாமல் சொட்டியது. போய் மூட வேண்டும் போல உடம்பெல்லாம் அரித்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

சிவரஞ்சனியின் விரல்கள் சோற்றைத் தொட்டன. பிசைந்தன, பிரித்தன, மறுபடி பிசைந்தன. கொட்டைப்பாக்கு அளவு ஒரு உருண்டை மேலே வந்தது. வாய் வரைக்கும் வந்து நின்றது. பிறகு உள்ளே போனது.

"ஆறிப்போச்சும்மா" என்றாள் மென்றுகொண்டே.

"ஆறட்டும்" என்றாள் அமுதவல்லி.

தட்டில் முக்கால்வாசிச் சோறு அப்படியே இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காகங்கள் விடாமல் கரைந்தன. அமுதவல்லி சம்மணத்தை மாற்றிப் போட்டு, இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.